மதுரையை வெளி வீதியிலிருந்து பார்க்கத் தொடங்குங்கள்

மதுரையைச் சுற்றிக் காட்டச் சொன்னால் எல்லோரும் ஒரே வழியில்தான் போவார்கள். முதலில் மீனாட்சியம்மன் கோயில், பிறகு திருமலை நாயக்கர் மகால், வெயில் தாழ்ந்ததும் ஒரு ஜிகர்தண்டா. ஊரில் பிறந்து வளர்ந்தவர்களும் இதற்கு மேல் போவதில்லை. வேலைக்காகவோ படிப்புக்காகவோ குடிவந்தவர்கள் இந்த மூன்றையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிட்டு, மதுரையைப் பார்த்தாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

கோயிலைக் கடைசியில் பாருங்கள் என்பதுதான் என் யோசனை. வெளி வளையத்தில் தொடங்கி உள்ளே நடந்து வந்தால், ஊர் எப்படி வளர்ந்தது, எங்கே இடிக்கப்பட்டது, எங்கே திருத்தி எழுதப்பட்டது என்பதெல்லாம் தெருக்களின் வழியாகவே புரிந்துவிடும். அதன் பிறகு கோயிலுக்குள் காலெடுத்து வைக்கும்போது என்ன பார்க்க வேண்டும் என்று உங்களுக்கே தெரியும்.

கிளம்பும் முன்

பழைய மதுரையின் தெருக்களைப் பார்க்கக் காலை ஆறு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடைப்பட்ட நேரம்தான் சரி. கடைகள் திறந்துவிட்டால் பொம்மைகளும் தொங்கும் துணிகளும் கட்டடத்தை மறைத்துவிடும். ஷட்டர் இறங்கியிருக்கும்போது தலையை உயர்த்தி முதல் மாடியைப் பாருங்கள். கீழே கண்ணாடிக் கதவு போட்ட நகைக்கடையாக இருக்கும். மேலே சுதை வேலைப்பாடும் மரச் சன்னலும் கட்டிய ஆண்டும் அப்படியே இருக்கும். மதுரையின் பழமை பெரும்பாலும் முதல் மாடியில்தான் குடியிருக்கிறது.

ஒரு சிறு நோட்டுப் புத்தகம் போதும். பக்கத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் கண்ணால் கண்டதையும் கல்வெட்டில் படித்ததையும் எழுதுங்கள். இன்னொரு பக்கம் காதால் கேட்டதை எழுதுங்கள். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

வீட்டிலேயே செய்ய வேண்டிய வேலை ஒன்றும் இருக்கிறது. நெல்சன் 1868இல் வெளியிட்ட மதுரை மாவட்டக் கையேடும், பிரான்சிஸ் 1906இல் தொகுத்த மாவட்ட கெசட்டியரும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. முழுவதும் படிக்கத் தேவையில்லை. மதுரை நகரத்தைப் பற்றிய பக்கங்கள் போதும். லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி 1858இல் எடுத்த மதுரைப் புகைப்படங்களையும் தேடிப் பார்த்து, நான்கைந்தைக் கைபேசியில் சேமித்துக்கொள்ளுங்கள். அவர் நின்ற இடத்திலேயே நின்று அதே காட்சியைப் பார்ப்பதைப் போன்ற பாடம் வேறில்லை.

முதல் நடை: இப்போது இல்லாத கோட்டை

ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் நீங்கள் நிற்பது மேல வெளி வீதி. வெளி வீதிகள் நான்கும் பழைய கோட்டையின் எல்லையை ஒட்டியவை. மதுரையின் முதல் நாயக்க ஆட்சியாளரான விசுவநாத நாயக்கர் காலத்தில் எழுந்ததாகச் சொல்லப்படும் அந்தக் கோட்டைக்கு 72 கொத்தளங்கள் இருந்தன. மதிலை ஒட்டி அகழி ஓடியது. இன்று அதைத் தேடினால் பெரியார் பஸ் நிலையம் அருகே மேற்கு வாசலின் ஒரு துண்டு மட்டும் கிடைக்கும். ஆயிரக்கணக்கானவர்கள் தினமும் அதன் பக்கமாகத்தான் பஸ் பிடிக்க ஓடுகிறார்கள்.

கோட்டை போரில் விழவில்லை. 1840களை ஒட்டிக் கலெக்டராக இருந்த பிளாக்பர்ன், நெரிசலில் திணறிய ஊரை விரிக்க மதிலை இடிக்க முடிவு செய்தார். அரசுப் பணத்தில் அத்தனை பெரிய மதிலை இடித்து முடிப்பது சாத்தியமில்லை. அதனால், மதிலை இடித்து அகழியைத் தூர்ப்பவர்களுக்கு அந்த இடத்தில் மனை என்று ஏற்பாடு செய்தார். வேலை நடந்துவிட்டது. புதிதாகக் கிடைத்த நிலத்தில் போட்ட தெருக்களுக்கு, அளந்து கொடுத்த சர்வேயர் மாரட்டின் பெயரையும் வேலையை மேற்பார்த்த பெருமாள் மேஸ்திரியின் பெயரையும் வைத்தார்கள். ஒரு கலெக்டருக்குக் கிடைக்காத பேறு ஒரு மேஸ்திரிக்குக் கிடைத்தது: மேல, கீழ, தெற்கு, வடக்கு என்று திசைக்கொரு வீதி அவர் பெயரில் இருக்கிறது. தமிழ்நாட்டில் வேறெந்தக் கட்டட மேஸ்திரியையும் ஓர் ஊர் இப்படிக் கொண்டாடியதாக எனக்குத் தெரியவில்லை.

இப்போது நடையைத் தொடங்குங்கள். ரயில் நிலையத்திலிருந்து டவுன் ஹால் ரோடு வழியாகக் கிழக்கே நேராகப் போனால் கோயிலின் மேலக் கோபுரம். தூரம் ஒரு கிலோமீட்டர்கூட இராது. அந்தச் சிறு தூரத்தில் ஊரின் எல்லா வளையங்களையும் வரிசையாகக் குறுக்கே கடந்துவிடுவீர்கள்: வெளி வீதி, கோட்டை போன பிறகு வந்த இடைத் தெருக்கள், மாசி வீதி, ஆவணி மூல வீதி, சித்திரை வீதி. அதற்கும் உள்ளே, கோயில் மதிலுக்குள், ஆடி வீதி. குறுக்கே போகும் ஒவ்வொரு வீதியிலும் நின்று இரண்டு பக்கமும் பாருங்கள். தெரு எங்கே வளைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். தாமரைப் பூவின் இதழடுக்குப் போல அமைந்த நகரம் என்று பேச்சாளர்கள் சொல்வார்கள். வரைபடத்தில் பார்த்தால் ஒழுங்கு குறைந்த சதுரங்கள்தான் தெரியும். ஆனாலும் இன்றைய பஸ் வழித்தடம்வரை அந்தச் சதுரங்கள்தான் தீர்மானிக்கின்றன.

இந்தச் சாலையில் இரண்டு இடங்களைத் தவறவிடாதீர்கள். டவுன் ஹால் என்று பெயர் வரக் காரணமான விக்டோரியா எட்வர்டு மன்றம் ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே இருக்கிறது. இந்த ஊரின் பழைய தலைமுறைக்கு அது ரீகல் தியேட்டர். ஆங்கிலப் படம் பார்க்கப் போன இடம். நூலகமும் சினிமாவும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. இரண்டாவது, கூடலழகர் கோயிலுக்குரிய பெருமாள் தெப்பக்குளம். நான்கு பக்கமும் கடைகள் சூழ்ந்துவிட்டதால், குளத்தை ஒட்டியே நடந்தாலும் அங்கே குளம் இருப்பது தெரியாது. கடைகளுக்கு நடுவில் இடைவெளி தேடி எட்டிப் பார்க்க வேண்டும்.

சினிமா என்றதும் இன்னொன்று. தங்கம் தியேட்டரைப் பற்றி யாரைக் கேட்டாலும் ஆசியாவிலேயே பெரியது என்பார்கள். 2,563 இருக்கைகள் என்ற கணக்கை மதுரைக்காரர்கள் வாய்ப்பாடு போல ஒப்பிப்பார்கள். இப்போது அங்கே ஜவுளிக்கடை இருக்கிறது.

மாசி வீதியில் ஓடும் சித்திரைத் தேர்

புதிதாக வந்தவர்களை மதுரை ஏமாற்றும் இடம் இது. சித்திரைத் திருவிழாத் தேர் சித்திரை வீதியில் ஓடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். தேர் வருவதோ மாசி வீதியில். முன்பு மீனாட்சி திருக்கல்யாணமும் தேரோட்டமும் மாசி மாதத்தில் நடந்தன. திருமலை நாயக்கர் அவற்றைச் சித்திரைக்கு மாற்றி, அழகர் ஆற்றில் இறங்கும் விழாவோடு சேர்த்துவிட்டார். அந்த அழகரும் முன்னாளில் தேனூர்ப் பக்கம்தான் ஆற்றில் இறங்கிக்கொண்டிருந்தார். மதுரைக்கு வந்தது பிறகுதான். மாதம் மாறியது, வீதி மாறவில்லை.

கீழமாசி வீதியில் உள்ள தேர்முட்டியில் தேர்கள் நிற்கும். விழா இல்லாத நாளில் போய்ப் பாருங்கள். அந்தச் சக்கரங்களின் உயரத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தால், நான்கு மாசி வீதிகளும் ஏன் அவ்வளவு அகலம் என்பது தெரியும். தேர் திரும்ப இடம் வேண்டும். ஊர் அதற்கு ஒதுங்கிக் கொடுத்திருக்கிறது. முதல் வருடமே சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் வரலாறு பார்க்கப் போகாதீர்கள். மனிதத் தலைகளைத் தவிர எதுவும் தெரியாது. அந்த வருடம் திருவிழாவை மட்டும் பாருங்கள்.

இரண்டாம் நடை: விளக்குத்தூணில் தொடங்கி

கீழமாசி வீதியும் தெற்கு மாசி வீதியும் சந்திக்கும் பக்கமாக வந்தால் விளக்குத்தூண். ஜவுளிக் கடைகளுக்கு அடையாளம் சொல்லவும் போலீஸ் நிலையத்தைக் குறிக்கவும்தான் இந்தப் பெயர் இன்று பயன்படுகிறது. அந்தத் தூண், கோட்டையை இடித்த பிளாக்பர்னுக்கு ஊரார் நன்றியாக எழுப்பியது. வீதி கிடைக்காத கலெக்டருக்கு விளக்காவது கிடைத்தது.

அங்கிருந்து பத்துத்தூண் சந்து சில அடிகள்தான். துணிக்கடைகளுக்கு நடுவே பத்துக் கல் தூண்கள் வானத்தைப் பார்த்து நிற்கும். தாங்குவதற்குக் கூரை இல்லை. கழுத்தை முழுவதும் பின்னுக்குச் சாய்த்தால்தான் உச்சி தெரியும். இவை திருமலை நாயக்கர் அரண்மனையின் மிச்சம். இங்கிருந்து மகால் வரை நடந்து போங்கள். நேரம் எடுக்கிறதல்லவா? இந்த இடைவெளி முழுவதும், அதற்கு அப்பாலும், ஒரே அரண்மனை வளாகமாக இருந்தது. இன்று டிக்கெட் வாங்கி உள்ளே போய் நாம் வியக்கும் மகால், 1636இல் எழுந்த அரண்மனையில் நான்கில் ஒரு பங்கு இருக்கலாம் என்கிறார்கள்.

மீதி எங்கே போனது? திருமலையின் பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது இங்கிருந்து மரத்தையும் கல்லையும் கழற்றிக்கொண்டு போனார். தப்பியதை 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் பழுதுபார்க்க வைத்தார். பிறகு நீண்ட காலம் அங்கே மாவட்ட நீதிமன்றம் நடந்தது. நாயக்கர் கொலு வீற்றிருந்த இடத்தில் சொத்துத் தகராறுகளுக்கு வாய்தா கொடுத்திருக்கிறார்கள். உள்ளே போனால் கைப்பிடிச் சுவரும் மாடமும் காட்டும் வழிகாட்டிகளை விட்டுவிட்டு ஒரு தூணின் அருகே நில்லுங்கள். செங்கல்லைச் சுற்றிச் சுண்ணச் சாந்து பூசி வழவழப்பாக்கிய தூண்கள் அவை. அவற்றில் தங்கள் பெயரையும் காதலியின் பெயரையும் கீறியவர்கள் ஏராளம். அதைப் பற்றி எழுதத் தொடங்கினால் கட்டுரை திசைமாறிவிடும்.

மகாலைச் சுற்றியுள்ள தெருக்களில் மெதுவாக நடங்கள். வாசலில் பேசிக்கொண்டிருக்கும் பெண்களின் மொழி தமிழ் போல இல்லையே என்று தோன்றினால் உங்கள் காது சரியாகத்தான் இருக்கிறது, அது சௌராஷ்டிரம். நெசவையும் சாயத்தையும் தொழிலாகக் கொண்டு வந்து, மகாலைச் சூழ்ந்து குடியேறிய சமூகம். முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றும் சுங்குடிச் சேலை அவர்கள் கைவண்ணம். தெருவில் சேலை உலர்த்துவதைப் பார்த்தால் படம் எடுக்கும் முன் கேட்டுவிட்டு எடுங்கள். நடையை இங்கே முடித்தால் மாலைப் பலகாரத்துக்குக் குறையிருக்காது. முள்ளுமுருங்கை வடை போடும் கடை ஒன்றாவது எதிர்ப்படும். ஜிகர்தண்டாவுக்கு மறுபடி விளக்குத்தூண் பக்கம் போக வேண்டும்.

கேட்டதும் கண்டதும்

நோட்டுப் புத்தகத்தை இரண்டாகப் பிரிக்கச் சொன்னது இதற்குத்தான். மதுரையில் எந்தப் பழைய கட்டடத்தைப் பற்றிக் கேட்டாலும், அங்கிருந்து கோயிலுக்கோ மகாலுக்கோ சுரங்கப்பாதை போகிறது என்று ஒருவர் சொல்வார். எல்லாச் சுரங்கமும் உண்மையென்றால் ஊர் எப்போதோ உள்ளே இறங்கியிருக்கும். சொல்பவரிடம் வாதாடாதீர்கள். யார், எந்தத் தெருவில், எப்படிச் சொன்னார் என்று கேட்டவற்றின் பக்கத்தில் எழுதுங்கள். அந்தக் கதைகளும் ஊரின் சொத்துதான். கண்டவற்றோடு கலக்கக் கூடாது, அவ்வளவே.

கான் சாகிபு என்ற யூசுப் கான் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் உயர்ந்து, மதுரையை ஆண்டு, பிறகு கம்பெனியையும் ஆர்க்காட்டு நவாபையும் எதிர்த்து, 1764 அக்டோபர் 15 அன்று தூக்கிலிடப்பட்டவர். இது பதிவானது. கயிறு இரண்டு முறை அறுந்தது, மூன்றாவது முறைதான் உயிர் போனது என்பது ஊர் சொல்வது. சம்மட்டிபுரத்தில் அவர் அடக்கமான தர்கா இருக்கிறது. போனால் இரண்டு பக்கத்துக்கும் செய்தி கிடைக்கும்.

வைகையின் வடகரையில் கோரிப்பாளையம் தர்காவும் அப்படியே. பாண்டியன் கொடுத்த கொடையை நாயக்கர் ஆட்சி 1573இல் உறுதிசெய்ததைச் சொல்லும் கல்வெட்டு அங்கே உண்டு. பெரிய குவிமாடம் ஒரே கல்லில் ஆனது என்பது வாய்மொழி. அங்கே போகும்போது 1889இல் திறந்த ஆல்பர்ட் விக்டர் பாலத்தை நடந்தே கடந்துவிடுங்கள். ஏ.வி. பாலம் என்று கேட்டால்தான் யாருக்கும் தெரியும்.

மனிதர்களிடம் பேச ஒரு வழிமுறை: முதல் கேள்வியாக வரலாற்றைக் கேட்காதீர்கள். ‘இந்தக் கடைக்கு முன்னால் இங்கே என்ன இருந்தது அண்ணே?’ என்று தொடங்குங்கள். பெரியவர் என்றால் ஐயா. வியாபார நேரத்தில் போய் நிற்காமல் மதியம் கூட்டம் ஓய்ந்தபோது போனால், ஒரு கேள்விக்கு அரை மணி நேரப் பதில் வரும். வெண்கலக்கடைத் தெரு, வளையல்காரத் தெரு என்று தொழிலின் பெயரைத் தாங்கிய தெருக்களில் இப்படிக் கேட்டுப் பாருங்கள்.

இப்போது கோயில்

கிழக்குப் பக்கமாக வாருங்கள். எழுகடல் தெருவை ஒட்டி, வாகனங்கள் நுழைந்து போகும் ஒரு பழைய கல்வாசல் தனியாக நிற்கிறது, விட்டவாசல். நாயக்கர்கள் கோட்டையை விரிப்பதற்கு முன்பிருந்த பாண்டியர் கோட்டையின் மிச்சம் என்று அதைக் கொள்கிறார்கள். முதல் நடையில் நீங்கள் பார்த்த வெளி வீதி எங்கே, இந்த வாசல் எங்கே! இரண்டுக்கும் நடுவில் உள்ள அளவு ஊர் வளர்ந்திருக்கிறது.

பக்கத்திலேயே ராய கோபுரம். திருமலை நாயக்கர் தொடங்கி, முடியாமல் அடித்தளத்தோடு நின்றுபோனது. நிலைக்கால்கள் ஒவ்வொன்றும் ஒரே கல். முடிந்திருந்தால் கோயிலிலேயே உயரமான தெற்குக் கோபுரம்கூடச் சிறிதாகத் தெரிந்திருக்கும். எதிரே புதுமண்டபம்: வசந்த விழாவுக்காக அவரே கட்டியது, நாயக்க அரசர்களின் ஆளுயரச் சிலைகள் தூண்களில் இருக்கின்றன, திருமலை தம் தேவியரோடு நிற்கிறார். பல தலைமுறைகளாகத் தையல்காரர்களும் பாத்திரம், புத்தகம் விற்பவர்களும் அங்கேதான் இருந்தார்கள். தையல் மெஷின் சத்தத்துக்கு நடுவே சிலை பார்த்தவர்களுக்கு அந்த மண்டபம் வேறு. கடைகள் இப்போது குன்னத்தூர்ச் சத்திரத்துக்குப் போய்விட்டன. மண்டபத்துக்கு அது நல்லதுதான். எனக்கு அந்தத் தையல்காரர்கள் இருந்த மண்டபம்தான் பிடிக்கும்.

கோயிலுக்குள் கைபேசி அனுமதி இல்லை. வெளியே கொடுத்து வைக்க இடம் உண்டு. சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். உடை மரபாக இருக்க வேண்டும். மதியம் நடை சாத்தப்படும் என்பதால் காலையிலேயே போய்விடுங்கள். பக்தர்கள் பெரும்பாலும் நுழையும் அட்டசக்தி மண்டப வாசலின் மேல் கோபுரம் இல்லை என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? வடக்குக் கோபுரத்தில் இன்று சுதைச் சிற்பங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அதை எல்லோரும் மொட்டைக் கோபுரம் என்றே சொல்கிறார்கள். நெடுங்காலம் முடிவுபெறாமல் கிடந்து, 19ஆம் நூற்றாண்டில்தான் முழுமையானது. ஆயிரங்கால் மண்டபத்தில் தூண்கள் 985. வெள்ளியம்பலத்தில் நடராசர் வலக்காலைத் தூக்கி ஆடுகிறார். மற்ற ஊர்களில் இடக்கால். இந்த நான்கையும் பார்த்தாலே முதல் நாளுக்குப் போதும்.

இன்னொன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டு போங்கள். 1939 ஜூலை 8 அன்று விடுதலைப் போராட்ட வீரர் வைத்தியநாதய்யர், சாதியின் பெயரால் கோயிலுக்குள் விடப்படாத சமூகங்களைச் சேர்ந்த கக்கன் உள்ளிட்டோரை அழைத்துக்கொண்டு இந்தக் கோயிலுக்குள் சென்றார். அதற்கு முன்பு அந்த வாசல் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. காந்தி பலமுறை மதுரைக்கு வந்தும், 1946இல்தான் இந்தக் கோயிலுக்குள் போனார். அவர் 1921 செப்டம்பர் 22 அன்று முழு உடையைத் துறந்து அரையாடைக்கு மாறிய வீடு மேலமாசி வீதியில் இருக்கிறது. கீழே கதர் விற்பனை நடக்கிறது, உள்ளே கேட்டால் அறையைக் காட்டுவார்கள். அவர் சுடப்பட்டபோது அணிந்திருந்த இரத்தக் கறை படிந்த துணி, வைகைக்கு வடக்கே காந்தி நினைவு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தக் கட்டடம் ராணி மங்கம்மாள் காலத்துத் தமுக்கம் அரண்மனை. பிறகு கலெக்டர் பங்களா. 1959இல் நேரு அருங்காட்சியகமாகத் திறந்து வைத்தார்.

ஊருக்கு வெளியே மலைகள்

நகரத்துக்குள் நாயக்கரைத் தாண்டிப் பின்னால் போவது கடினம். மலைகளுக்குப் போனால் ஒரே தாவலில் ஆயிரம் ஆண்டுகள் பின்னால் போய்விடலாம். முதல் மலையாகக் கீழக்குயில்குடி சமணர் மலையைத்தான் சொல்வேன். நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கம், நகரிலிருந்து பஸ்ஸிலேயே போகலாம். அடிவாரத்தில் தாமரைக் குளம், ஆலமரம், அய்யனார் கோயில். மேலே செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் 9, 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தீர்த்தங்கரர் சிற்பங்கள், அவற்றின் கீழே வட்டெழுத்து என்ற பழைய எழுத்தில் கல்வெட்டுகள். செட்டிப்புடவுக் குகையில் அமர்ந்திருக்கும் மகாவீரரின் காதைப் பார்த்துவிட்டுக் காது நீண்ட செட்டியார் என்று ஊரார் முடிவுகட்டியதால்தான் அந்தப் பெயர் என்பார்கள். இதையும் கேட்டவற்றின் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

அடுத்து ஆனைமலை, அதன் அடிவாரத்தில் நரசிங்கம் குடைவரைக் கோயில். பாண்டியரின் அமைச்சர் மாறன் காரி குடைவித்ததைச் சொல்லும் கல்வெட்டு, பொ.ஆ. (கி.பி.) 770 என்று ஆண்டை உறுதியாகத் தருகிறது. இன்னும் பின்னால் போக விரும்பினால் மாங்குளம்: நெடுஞ்செழியன் என்ற பெயர் தமிழி என்ற மிகப் பழைய தமிழ் எழுத்தில் பொறிக்கப்பட்ட மலை. ஏற்றம் அதிகம், நிழல் குறைவு. வழி தெரிந்தவரோடு போங்கள். ஊரின் தென்கிழக்கில் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவில் கீழடி. 2023இல் திறந்த அருங்காட்சியகத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள்.

மலைக்குப் போகும்போது தண்ணீர் தேவைக்கு இரு மடங்கு எடுத்துச் செல்லுங்கள். மார்ச் முதல் ஜூன் வரை ஒன்பது மணிக்குள் கீழே இறங்கிவிட வேண்டும். கல்வெட்டு தெளிவாகத் தெரியவில்லை என்று சுண்ணாம்பு, மாவு, எண்ணெய் எதையும் தடவாதீர்கள். ஆர்வலர்கள் சிலரே இதைச் செய்கிறார்கள். காலை வெயில் சாய்வாக விழும் வேளையில் பக்கவாட்டிலிருந்து படம் எடுத்தால் எழுத்து தானாக மேலெழும். நிழலில் இருக்கும் கல்வெட்டுக்கு ஒரு டார்ச் விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பிடித்தால் போதும். எழுத்தின் மேல் புதிதாகப் பெயின்ட்டோ உளிக் காயமோ கண்டால், படத்தோடு தொல்லியல் துறைக்கு எழுதிப் போடுங்கள். எந்த மலை, எந்தக் குகை, அடிவாரத்திலிருந்து எந்தத் திசை என்று எழுத மறக்க வேண்டாம். ‘மதுரை அருகே ஒரு மலை’ என்று எழுதினால் கடிதம் கோப்பிலேயே தங்கிவிடும்.